பம்பி பழுதடையும் முன் காட்டும் அறிகுறிகள்

வியா மக்வேதாவிலும் அதன் இருபுறத்துச் சந்துகளிலும் உள்ள பழைய மாடிக் கட்டடங்கள் பலவற்றில், நகரக் குழாய் நீர் நேரடியாக மேல் மாடிகளை எட்டுவதில்லை. நீர் முதலில் கட்டடத்தின் தாங்கியில் சேர்கின்றது. பின்னர் ‘அவுத்தோக்ளாவே’ எனப்படும் அழுத்தப் பம்பி அதனை வீடுகளுக்கு அனுப்புகின்றது. 2024ஆம் ஆண்டின் வறட்சியின்போது, அக்டோபர் மாதம் முதல் பலெர்மோவின் சில பகுதிகளில் முறைவைத்து நீர் வழங்கப்பட்டது. அத்தகைய நாட்களில் தாங்கி நிறைந்திருந்தும் பம்பி நின்றுவிட்டால், வீட்டில் ஒரு சொட்டு நீரும் இராது. ஆயினும் பம்பிகள் பெரும்பாலும் திடீரெனப் பழுதடைவதில்லை. முன்னரே அறிகுறி காட்டுகின்றன. அவ்வறிகுறிகளை முறையாகக் கவனிக்கும் வழக்கத்தை மிகக் கண்டிப்பாகப் பேணும் துறைகளுள் அணுமின் துறை ஒன்றாகும்.

அணுமின் நிலையத்தில் பம்பியின் பணி

இத்தாலியின் நான்கு அணுமின் நிலையங்களும் 1990ஆம் ஆண்டளவில் செயற்பாட்டை முற்றாக நிறுத்தியிருந்தன. ஏனைய பல நாடுகளில் இவை இன்றும் இயங்குகின்றன. அணுவுலையை நிறுத்திய பின்னரும் எரிபொருளிலிருந்து வெப்பம் வெளிவந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்ப வலுவின் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கும். ஆகவே, உலை நின்றாலும் குளிர்விக்கும் நீரோட்டம் நிற்கலாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் ஆழிப்பேரலையால் கடல்நீர்ப் பம்பிகள் அமைந்த கட்டடத்தினுள் நீர் புகுந்தது. பம்பிகள் செயலிழந்தன, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. இத்தகைய திடீர்ச் சேதத்தை எந்தக் கண்காணிப்பும் முன்னறிவிக்காது. மாற்று ஏற்பாடே அதற்குத் துணை. ஆனால் தேய்மானத்தால் மெல்ல மெல்ல வரும் பழுதைக் கண்காணிப்பினால் முன்கூட்டியே அறியலாம்.

எதனைக் கண்காணிக்கின்றனர்?

பம்பியின் அதிர்வு, தாங்குருளைகளின் வெப்பநிலை, நீரின் அழுத்தமும் பாய்வும், மோட்டார் பெறும் மின்னோட்டம், அச்சு முத்திரையின் கசிவு, மசகெண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள் ஆகியன அளவிடப்படுகின்றன. பம்பி நல்ல நிலையில் இருந்தபோது பதிந்த அளவே ஒப்பீட்டிற்கு அடிப்படையாகும். ஓர் எண்ணைத் தனியே பார்ப்பதிலும், அது மாதந்தோறும் எத்திசையில் நகர்கின்றது என்பதைப் பார்ப்பதே பயன் தரும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதித்தொகுப்பின்படி, அளவு எச்சரிக்கை எல்லையை அடைந்தால் சோதனைகள் இரட்டிப்பாக்கப்படும். அடுத்த எல்லையையும் கடந்தால், காரணம் கண்டு திருத்தப்படும் வரை அப்பம்பி செயற்படத் தகுதியற்றதாகக் கருதப்படும்.

அறிகுறியைக் காண்பது மட்டும் போதாது; அதன் பொருளையும் அறிதல் வேண்டும். 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் உலைக் குளிர்விப்புப் பம்பிகள் கடுமையாக அதிர்ந்தன. பம்பிகள் சேதமடையும் என அஞ்சிய பணியாளர்கள் அவற்றை நிறுத்தினர். உண்மையில், மூடாது நின்ற ஒரு வால்வின் வழியே குளிர்நீர் வெளியேறியதால், எஞ்சிய நீரில் நீராவி கலந்திருந்தது. அதிர்வு அதன் விளைவே. நீர் குறைந்துவருவதை எவரும் உணராமையால் உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது.

உங்கள் கட்டடத்தின் பம்பி

வீட்டுப் பம்பிக்கு உணர்கருவிகள் தேவையில்லை. கண்ணும் காதும் போதும். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• ஒரு குழாயைச் சிறிது திறந்தாலே பம்பி அடிக்கடி இயங்கி நின்றால், அழுத்தக் கலத்தின் காற்று குறைந்திருக்கலாம்.
• சரளைக்கல் உருள்வது போன்ற ஒலி கேட்டால், உறிஞ்சும் பக்கத்தில் நீர் போதாமல் இருக்கலாம்.
• அச்சருகே நீர் சொட்டினால், முத்திரை தேய்ந்திருக்கலாம்.
• மோட்டார் வழமையிலும் அதிகமாகச் சூடேறினாலோ, மின்தடுப்பான் அடிக்கடி விழுந்தாலோ, உடனே மின்பணியாளரை அழைப்பித்தல் வேண்டும். ஈரமான நிலத்தில் நின்று பம்பியைத் தொடலாகாது.

நீர் முறைவைத்து வழங்கப்படும் காலத்தில், தாங்கி வெறுமையாக இருக்கையில் பம்பி இயங்கலாகாது. முத்திரையைக் குளிர்விப்பது நீரே. நீரின்றி ஓடினால் அது விரைவில் கருகும். ஒலி மாறிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், பழுதுபார்ப்பவருக்கு அது பெரிதும் உதவும்.

எவரிடம் அறிவிப்பது?

இத்தாலியக் குடியியற் சட்டக்கோவையின் 1117ஆம் உறுப்புரையின்படி, தாங்கிகளும் நீர் அமைப்புகளும், உரித்தாவணங்கள் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, கட்டடத்தின் பொதுச்சொத்தாகும். அவற்றைப் பேணுவது நிர்வாகியின் பொறுப்பு. அவரது பெயரும் தொலைபேசி எண்ணும் கட்டட வாயிலிலோ, அதிகம் பொதுவாகப் பயன்படும் இடத்திலோ ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும் என 1129ஆம் உறுப்புரை கூறுகின்றது.

வாடகைக்குக் குடியிருப்போர் சிறு பராமரிப்பை மட்டும் ஏற்கவேண்டும். ஏனைய திருத்தங்கள் வீட்டுரிமையாளரின் கடமை (1576ஆம் உறுப்புரை). திருத்தம் தேவையெனக் கண்டால் உரிமையாளருக்கு அறிவிப்பது குடியிருப்பாளரின் கடமை என 1577ஆம் உறுப்புரை விதிக்கின்றது. எனவே அறிகுறி கண்டதும் எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கூறியதைப் பின்னர் நிரூபிப்பது கடினம். பொதுச்செலவில் பங்கு கேட்கப்பட்டால், செலுத்துமுன் செலவின் விவரத்தைக் கோரவும் பற்றுச்சீட்டுகளைப் பார்வையிடவும் 1978ஆம் ஆண்டின் 392ஆம் இலக்கச் சட்டம் குடியிருப்பாளருக்கு உரிமை அளிக்கின்றது.

பம்பி நின்றபின் எழுதும் கடிதத்தைவிட, அதன் ஒலி மாறிய அன்றே எழுதும் கடிதம் வீட்டையும் உரிமையையும் காக்கும்.