ஆய்வாளரே வகுக்கும் பல்துறை முனைவர் பட்டம்

1. முனைவர் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். எனினும் பாடங்கள், தகுதித் தேர்வு, வழிகாட்டி ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒரு துறையே முடிவு செய்கிறது. ஆய்வுப்பொருள் அத்துறையின் எல்லையைக் கடக்குமாயின், ஆய்வாளர் தம் படிப்பைத் தாமே வகுத்து ஒப்புதல் பெறும் வழியைச் சில பல்கலைக்கழகங்கள் அமைத்துள்ளன. கனடாவின் கான்கார்டியா, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்கள் இதற்குச் சான்று.

2. இவ்வழியில் சேர விரும்புவோர் முதலில் ஒரு முன்வரைவை அளித்தல் வேண்டும். ஆய்வு வினா யாது, அஃது ஒரு துறைக்குள் அடங்காமைக்குக் காரணம் யாது, எத்துறைப் பாடங்கள் தேவை, வழிகாட்டக்கூடிய பேராசிரியர் எவர் என்பன அதில் இடம்பெறும். துறையின் மரபு தரும் பாதுகாப்பு இங்கு இல்லையாதலின், முன்வரைவும் வழிகாட்டும் குழுவுமே ஆய்வாளருக்குத் துறையாக அமைகின்றன.

3. எரிக் டிரெக்ஸ்லரின் பட்டம் இதனை விளக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் வகுத்த படிப்புத் திட்டத்தை மின்பொறியியல், கணினியியல் துறை ஏற்கவில்லை. பின்னர் மார்வின் மின்ஸ்கியின் வழிகாட்டுதலில், ஊடக ஆய்வகத்தின் வாயிலாக 1991இல் மூலக்கூற்று நானோதொழில்நுட்பத்தில் அவர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருளை மட்டுமன்றி அதற்கு இடமளிக்கும் துறையையும் தேட வேண்டியிருந்தமை கருதத்தக்கது.

4. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை, பல்துறைத் தலைப்புகளுக்குத் துறையின் வழிகாட்டியோடு வெளியிலிருந்து இணை வழிகாட்டி ஒருவரையும் அமர்த்த இடமளித்தது. 2022ஆம் ஆண்டு நெறிமுறையும் பிற துறை, பிற நிறுவன இணை வழிகாட்டிகளை அனுமதிக்கிறது. இவை வழிகாட்டுதலை விரிவாக்குகின்றனவேயன்றிப் படிப்பை வகுக்கும் பொறுப்பை ஆய்வாளரிடம் ஒப்படைப்பன அல்ல.

5. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டிய சிக்கல் கலைச்சொல் பற்றியது. பழங்குடியினரின் தாவரப் பெயர்களை ஆராயும் ஒருவரின் குழுவில் மொழியியலாரும் தாவரவியலாரும் இருப்பர். 'மார்ஃபாலஜி' என்பது முன்னவருக்கு உருபனியல். பின்னவருக்குப் புற அமைப்பியல். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே சொல் இரு பொருளை மறைக்கும். தமிழில் எழுதினால் இரு சொற்கள் வேறுபாட்டை வெளிப்படுத்தும். ஆனால் தமிழில் அவ்விரண்டும் ஒரே சொல்லின் வழிவந்தவை என்பது மறைந்துவிடும். ஆய்வேட்டைத் தேர்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் துறைப் பொருளிலேயே படிப்பராயின், ஆய்வின் முடிவு எவருக்கும் முழுமையாக விளங்காது.

6. ஆதலின் கலைச்சொல் வரையறை முன்வரைவிலேயே இடம்பெறுதல் நன்று. எச்சொல்லை எத்துறைப் பொருளில் ஆள்வது என்பதில் குழுவினரின் உடன்பாட்டைத் தொடக்கத்திலேயே பெறும் ஆய்வாளர், தம் ஆய்வேட்டை மதிப்பிடுவதற்கான பொது மொழியையும் அப்போதே பெற்றவராகிறார்.