பின்னி முடித்தால் போதுமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் டெல்லியின் மொட்டை மாடிகளிலும் சிம்லாவின் வெயில் படும் முற்றங்களிலும் பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக அமர்ந்திருப்பதை, வடமாநிலங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதிப் பின்னல் காலுறைகளும் கையுறைகளும் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு அங்கே இக்கலை வேரூன்றியிருக்கிறது.

அதே வடக்கில்தான் லூதியானாவின் பின்னலாடை ஆலைகளும் இயங்குகின்றன. நல்ல கம்பளி நூலுக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த விலையில் ஆயத்த ஸ்வெட்டர் கிடைக்கும்போது, வாரக்கணக்கில் உழைத்துக் கையால் பின்னுவானேன்? முதுகு வளைந்துவிட்ட முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஆயத்த ஸ்வெட்டர் அவருக்கு முன்புறம் தொங்கும். பின்புறம் இடுப்புக்கு மேல் ஏறிக்கொள்ளும். குளிர் அங்கேதான் நுழையும். அவருடைய உடலுக்கென்றே ஆடை செய்ய ஆலையால் இயலாது, கையால் இயலும். பொருந்துதல் ஒன்றே கைப்பின்னலின் முதல். அது இல்லையேல், போட்ட உழைப்பு முழுவதும் பெட்டிக்குள் உறங்கும்.

முதலில் அளவு, பிறகு ஊசி

மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் ஸ்வெட்டரும் 36 அங்குலமாக இருக்கக் கூடாது. உள்ளே சட்டை இருக்கும். கை அசைய வேண்டும். பொதுவாக 2 முதல் 4 அங்குலம் தளர்வு தேவை. அவருக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைச் சமதளத்தில் பரப்பி அளந்து ஒப்பிடுவது நம்பகமான வழி. முதியவருக்கு எனில், பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் வளைவின் மீதே அளவு நாடாவைப் பதித்து நீளம் எடுக்க வேண்டும்.

நூலை ஒரே தவணையில், ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிவிடுவது நலம். ஒரே நிறமாயினும் சாயத் தொகுதி எண் மாறினால் சாயல் மாறும். கடையில் தெரியாத வேறுபாடு மார்பின் நடுவே கோடாகத் தெரியும்.

அரைக் கண்ணியின் விலை

அங்குலத்திற்கு 5 கண்ணிகள் என்பது கணக்கானால், 40 அங்குலச் சுற்றுக்கு 200 கண்ணிகள் போட வேண்டும். பின்னுபவரின் கை சற்று இறுக்கமாக இருந்து அங்குலத்திற்கு ஐந்தரைக் கண்ணிகள் விழுந்தால், அதே 200 கண்ணிகள் ஏறத்தாழ 36.4 அங்குலமே தரும். கை தளர்ந்து நாலரை விழுந்தால் 44.4 அங்குலம். அரைக் கண்ணி வேறுபாடு, ஆடையில் நான்கு அங்குலமாகப் பெருகிவிடுகிறது.

எனவே, 6 அங்குலச் சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஆடையைத் துவைக்கப்போகும் முறையிலேயே துவைத்து, உலர்த்தி, விளிம்புகளை விட்டு நடுவே 4 அங்குலத்தை அளந்து கண்ணிகளை எண்ண வேண்டும். கயிறு முறுக்கியது போன்ற கேபிள் வேலைப்பாடு துணியை உள்ளிழுத்துக் குறுக்கும். ஆதலால் அத்தகைய ஆடைக்கு மாதிரித் துண்டும் கேபிளிலேயே இருக்க வேண்டும்.

நம் கடைகளில் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் எண்முறையில் கிடைக்கின்றன. அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மி.மீ., 10ஆம் எண் 3.25 மி.மீ. கை தளர்வானவர் எண்ணைக் கூட்டவும், இறுக்கமானவர் குறைக்கவும் வேண்டும்.

விழுக்காட்டில் ஓர் ஆடை

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்னும் பின்னல் ஆசிரியை, எல்லா அளவுகளையும் மார்புச் சுற்றின் விழுக்காடாகக் காணும் முறையைப் பரப்பினார். உடலுக்கு 200 கண்ணிகள் என்றால் மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40. மேற்கைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 66. கழுத்துக்கு 40 விழுக்காடு, 80. இது தொடக்கக் கணக்கு மட்டுமே; எடுத்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வளைந்த முதுகுக்குத் தீர்வு குறுவரிசைகள். பின்பாகத்தின் மேற்பகுதியில் வரிசையை முழுவதும் முடிக்காமல் இடையிலேயே திரும்பிப் பின்ன வேண்டும். இவ்வாறு நான்கு முறை போய்வந்தால் 8 வரிசைகள் கூடும். அங்குலத்திற்கு 7 வரிசைகள் என்னும் கணக்கில், முதுகுக்கு மட்டும் ஓர் அங்குலத்திற்கு மேல் நீளம் கிடைக்கும், முன்பாகம் மாறாது.

கடைசிக் கட்டம்

இதே கணக்கில், 24 அங்குல நீளமுள்ள உடற்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 30,000 கண்ணிகள். இத்தனையும் முடித்தவருக்கு, அன்றே தைத்து அணிவித்துவிடும் அவசரம் வருவது இயல்பு. அங்கேதான் பொறுமை தேவைப்படுகிறது.

பின்னிய பாகங்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். வெந்நீரும் கசக்கலும் கம்பளியைச் சுருக்கித் தடிக்கச் செய்துவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை வாங்கிய பின், சமதளத்தில் பரப்பி, எழுதி வைத்த அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் உலர்த்த வேண்டும். ஒழுங்கற்ற கண்ணிகள் இப்போது ஒன்றோடொன்று இணங்கி அமரும். அக்ரிலிக் நூல் நீரால் அவ்வளவாக வடிவம் மாறாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டாலோ துவண்டுபோய் மீளாது.

தோள்பட்டைத் தையல் உறுதியாக இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட ஆடையின் எடையைத் தாங்குவது அதுவே. பக்கத் தையல்களை, நல்ல பக்கம் நம்மை நோக்கியிருக்க, வரிசைக்கு வரிசை பொருத்தி இழுத்தால் தையல் இருப்பதே தெரியாது. கழுத்தின் செங்குத்து விளிம்பில் கண்ணி எடுக்கும்போது நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி போதும். கூடினால் கழுத்து அலையலையாக விரியும், குறைந்தால் சுருங்கும். முடிப்பு வரிசையைச் சற்றுப் பருத்த ஊசியால் தளர்வாக முடித்தால், தலை சிரமமின்றி நுழையும்.

பொருந்தாவிட்டால்

கத்திரி பட்ட துணி மீளாது, பின்னலோ மீளும். நீளம் மிகுந்தால் கீழ் விளிம்புக்கு மேலே ஒரு கண்ணியை வெட்டி, அவ்வரிசையை உருவி எடுத்து, திறந்த கண்ணிகளை ஊசியில் ஏற்றி மீண்டும் கீழ்நோக்கிப் பின்னலாம். குறைந்தால் அதே வழியில் நீட்டலாம். அகலம் தவறினால் பிரிப்பதே முறை. பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவு நீங்கும். வட இந்தியக் குடும்பங்களில் தந்தையின் பழைய ஸ்வெட்டர் பிரிக்கப்பட்டு, மகனின் உடலில் மீண்டும் பிறப்பது நெடுங்கால வழக்கம்.

விற்பனைக்குப் பின்னுவோருக்கு

1992இல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியே கடன் பெறும் சுயஉதவிக் குழுக்களில், பின்னலை வருவாயாகக் கொண்ட பெண்களும் உண்டு. அவர்களுக்குப் பொருத்தம் என்பது நேரடியாகப் பணம். வாங்குபவரின் அளவுகளையும் மாதிரித் துண்டையும் ஓர் அட்டையில் இணைத்துப் பாதுகாத்தால், அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளருக்கு அளவெடுக்கும் வேலை பெரிதும் குறையும். விலை நிர்ணயிக்கும்போது நூல், பின்னும் நேரம் ஆகியவற்றோடு நனைத்தல், இணைத்தல், கழுத்து முடித்தல் ஆகியவற்றுக்கான நேரத்தையும் தனி வரியாக எழுத வேண்டும். பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடும் வரி அதுவே; கையால் செய்த ஆடைக்குக் கூடுதல் விலையைப் பெற்றுத் தரும் வரியும் அதுவே.

இந்தக் குளிர்காலத்தில் பின்னத் தொடங்குவோர், நாட்காட்டியில் முடிக்கும் நாளுக்கு முன் ஒரு வாரத்தைக் கடைசிக் கட்டத்திற்கென்று ஒதுக்கி வைப்பார்களாக. அணிபவர் கையை உயர்த்தும்போதும் குனியும்போதும் ஆடை அவரோடு அசைந்தால், வேலை முடிந்தது என்று பொருள்.