முடிவு தெரிந்த ஒத்திகை

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதுவரை 2004 அக்டோபரில் பெய்த 21 செ.மீ.தான் இங்கே சாதனை. கிருஷ்ணா நகரில் தண்ணீர் மார்பளவு ஏறியது. சென்னையிலிருந்து ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது.

பேரிடர் மீட்பு ஒத்திகைக்கு இங்கே ஒருபோதும் பஞ்சமில்லை. சைரன் ஊதும், ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் ‘காயம்பட்டவர்’ கேமராவைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார், அதிகாரி மைக் பிடிப்பார். படகு ஓடுகிறதா, கயிறு தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். முன்பின் பழகாத நான்கு துறைக்காரர்கள் சேர்ந்து வேலை பார்ப்பார்களா என்பது மட்டும் தெரியாது.

ஒரு குழு எப்படிச் சேர்ந்து வேலை பார்க்கிறது என்பதைக் கணினி புரிந்துகொள்ளுமா என்று பார்க்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா ‘அசிஸ்ட்’ என்ற ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. களம், பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்ட்! இடிந்த கட்டடத்துக்குள் மூன்று பேர். ஒருவர் வைத்தியம் பார்க்கலாம், ஒருவர் இடிபாட்டை உடைக்கலாம், ஒருவர் ஆளைத் தூக்கலாம். உயிருக்குப் போராடுபவரைத் தனி ஆளாகக் காப்பாற்ற முடியாது. ஒரு கட்டத்தில் ஆய்வாளர்கள் குசும்பும் செய்தார்கள். அறை வாசலில் வைக்கும் அடையாளக் கட்டைகளில் ‘1’ என்றால் ஆள் இல்லை, ‘2’ என்றால் ஆள் உண்டு என்று இருவருக்குச் சொல்லி, மூன்றாமவருக்கு மட்டும் மாற்றிச் சொன்னார்கள். அந்தக் குளறுபடியைக் கணினி மோப்பம் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

இப்படியொரு ஒத்திகையை நம்மூரில் நடத்தக் கணினிகூட வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு அறைகள், நான்கு வாக்கி டாக்கி போதும். ரெயின்போ நகர் வரைபடம் வருவாய்த் துறையிடம் இருக்கட்டும். எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி என்பது ஜிப்மர் மருத்துவமனை ஆளுக்கு மட்டும் தெரியட்டும். படகு தீயணைப்பு நிலையத்தில். பெரிய வாய்க்காலில் இழுப்பு எங்கே அதிகம் என்று அறிந்தவர் வைத்திக்குப்பத்து மீனவர். பத்தாவது நிமிடம் ஒரு துண்டுச் சீட்டு: ‘படகு இன்ஜினில் துணி சிக்கிவிட்டது.’ இருபதாவது நிமிடம் ஒரு வாக்கி டாக்கியைப் பிடுங்கிவிட வேண்டும்.

எத்தனை பேரை மீட்டார்கள் என்ற கணக்கை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். யார் யாரிடம் கேட்டார்கள், கேட்காமலே யார் சொன்னார்கள், அந்த நோயாளியின் முகவரி படகுக்காரர் காதுக்குப் போக எத்தனை நிமிடம் பிடித்தது என்பதை ஓரமாக நிற்கும் ஒருவர் கடிகாரத்தோடு குறிக்க வேண்டும். மீனவர் சொன்னதை அதிகாரி திரும்பக் கேட்டாரா, ‘சரி சரி’ என்று தள்ளினாரா என்பதையும் சேர்த்து.