ரன்-பிளாட் டயரில் முள் பஞ்சர்

ரன்-பிளாட் டயர் என்பது காற்று முழுவதும் இறங்கிய பிறகும் காரைச் சிறிது தூரம் சுமந்து செல்லக்கூடிய, டியூப் இல்லாத டயர் ஆகும். பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பல கார்களில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. இத்தகைய கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருப்பதில்லை. ஆகவே விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற முள் நிறைந்த வறண்ட பகுதிகளில் பயணம் செய்வோருக்கு, இந்த டயரில் முள் ஏறினால் ஒட்டிப் பயன்படுத்த முடியுமா என்பது முக்கியமான கேள்வியாகும். துளை எவ்வளவு பெரியது என்பதைவிட, காற்று இல்லாமல் டயர் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

அமைப்பு

சாதாரண டயரில் காரின் எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். காற்று போனதும் பக்கச் சுவர் மடிந்து, சக்கர வளையத்துக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிக் கிழிகிறது. ரன்-பிளாட் டயரில் பக்கச் சுவரின் உட்புறம் வெப்பத்தைத் தாங்கும் தடித்த ரப்பர் அடுக்கு இருக்கும். காற்று இல்லாதபோது இந்தச் சுவரே எடையைத் தாங்குகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை ஓடலாம் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கூறும் வரம்பு. கார் நிறைய ஆட்களும் சுமையும் இருந்தால், சித்திரை வெயிலில் சாலை கொதித்தால், அந்தத் தூரம் குறையும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். பிரிட்ஜ்ஸ்டோன் 'ஆர்.எஃப்.டி.' என்றும், மிச்சலின் 'இசட்.பி.' என்றும், கான்டினென்டல் 'எஸ்.எஸ்.ஆர்.' என்றும், குட்இயர் 'ஆர்.ஓ.எஃப்.' என்றும் குறிக்கின்றன.

காற்றில்லாமல் ஓடும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது. இதனால் உண்டாகும் வெப்பம் ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பிரிக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதாவது, 80 கி.மீ. ஓட முடியும் என்பதற்கு, அப்படி ஓடிய பிறகு டயரைத் திரும்பவும் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை. விற்பனையின்போது இதை யாரும் விளக்கிச் சொல்வதாகத் தெரியவில்லை.

முள்ளின் தன்மை

இப்பகுதியில் கண்மாய்க் கரை, தரிசு, சாலையோரம் எங்கும் சீமைக் கருவேலம் பரவியுள்ளது. கரிமூட்டத்துக்காக வெட்டி ஏற்றிச் செல்லும்போது முள் கொப்புகள் சாலையில் சிந்துகின்றன. சைக்கிள் டியூபைப் பதம்பார்க்கும் நெருஞ்சி முள் (ஆங்கிலத்தில் அச்செடிக்குப் 'பஞ்சர் கொடி' என்றே ஒரு பெயர் உண்டு) கார் டயரின் தடிமனைத் தாண்டாது. கருவேல முள் அப்படியன்று. நீளமும் உறுதியும் உடைய அது, டயரைத் துளைத்தபின் வெளிப்பகுதி ஒடிந்துபோக, நுனி மட்டும் உள்ளே நின்றுவிடும்.

இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. முள் போட்ட துளை சிறியது. முள்ளே அடைப்பானாகவும் இருப்பதால் காற்று மெல்லவே கசியும். ஆனால் ரன்-பிளாட் டயர் காற்று குறைந்தாலும் சப்பையாகத் தெரியாது. சாதாரண டயரைக் காலால் உதைத்துப் பார்த்தே காற்றைக் கணிப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால்

ரன்-பிளாட் பொருத்திய கார்களில் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி இருக்கும். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்துவிட்டால் அது எச்சரித்தாக வேண்டும். 33 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டிய டயரில் இது ஏறத்தாழ 25 பி.எஸ்.ஐ. அந்த நிலையில் எடையைக் காற்றே தாங்கிக்கொண்டிருக்கிறது. டயர் இன்னும் கெடவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் உள்ளது. தேசிய நெடுஞ்சாலை 38-இல் நேராகப் போய்விடலாம், 80 கி.மீ. வரம்புக்குள்தானே என்று தோன்றும். காற்றில்லாமல் அப்படிப் போய்ச் சேர்ந்தால் கார் பத்திரமாக இருக்கும். டயர் பெரும்பாலும் குப்பைக்குத்தான். முள் பஞ்சரில் செய்ய வேண்டியது, விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டி, காரின் 12 வோல்ட் இணைப்பில் இயங்கும் சிறிய காற்றடிப்பானால் காற்றை நிரப்பி, அழுத்தத்தைக் கவனித்தபடி அருகிலுள்ள கடைக்குச் செல்வது. கசிவு மெதுவானது என்பதால் இடையில் ஒருமுறை மீண்டும் காற்றடித்தால் போதும். முள் தெரிந்தாலும் வழியில் பிடுங்கக் கூடாது. ஆளரவமற்ற இடம், இரவு நேரம் என்றால் டயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டிச் செல்லலாம். அதற்காகத்தான் அந்த டயர்.

பழுது நீக்கும் முறை

ஊசியில் கோத்து வெளியிலிருந்து சொருகும் ரப்பர் திரி இதற்குப் போதாது. டயரைச் சக்கரத்திலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. பக்கச் சுவர் விறைப்பானது என்பதால் சுத்தியலாலும் நெம்புகோலாலும் கழற்றினால் பீடிங் எனப்படும் விளிம்பும், வால்வோடு இணைந்த அழுத்த உணரியும் உடையக்கூடும். துணைக் கை உள்ள டயர் கழற்றும் இயந்திரம் கடையில் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

உள்ளே ரப்பர் தூள் உதிர்ந்திருந்தாலோ, பக்கச் சுவரில் சுற்றிலும் சுருக்கமோ, வளையம் போன்ற தேய்மானமோ, நிறமாற்றமோ காணப்பட்டாலோ டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். அதை ஒட்டக் கூடாது. உட்புறம் சீராக இருந்து, துளை 6 மி.மீ.க்குள், சாலையில் படும் நடுப்பகுதியில் இருந்தால் ஒட்டுவதைப் பரிசீலிக்கலாம். தோள்பகுதியிலும் பக்கச் சுவரிலும் உள்ள துளைகள் ஒட்டத் தகுந்தவையல்ல.

முள் நுனியை முழுவதும் எடுத்துத் துளையைச் சுத்தம் செய்து, உட்பரப்பை உராய்த்து, காளான் வடிவ ஒட்டைப் பொருத்துவதே சரியான முறை. அதன் தண்டு துளையை நிரப்பி, எஃகு இழைகளில் ஈரம் ஏறித் துருப்பிடிக்காமல் காக்கிறது. தலைப்பகுதி உள்ளிருந்து காற்றை அடைக்கிறது. கருவேல முள் ஒன்று குத்திய டயரில் இன்னும் இரண்டு மூன்று இருப்பது வழக்கம். எனவே உட்புறம் முழுவதையும் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். இதற்கு வெறுங்கை ஆகாது.

எல்லாத் தயாரிப்பாளர்களும் இதை ஒரே மாதிரி அனுமதிப்பதில்லை. சிலர் நிபந்தனையுடன் ஒருமுறை ஒட்ட இசைகிறார்கள். சிலர் மாற்றிவிடவே சொல்கிறார்கள். டயர் நிறுவனமும் கார் நிறுவனமும் வெவ்வேறாகச் சொல்வதும் உண்டு. வாகனக் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் டயரைக் கொடுப்பதே உரிமையாளருக்கு நல்லது. எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் காற்று குறைந்த நிலையில் ஓட்டினோம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாட்டிய பிறகு சக்கரச் சமநிலை பார்த்து, கண்காணிப்புக் கருவியை மீட்டமைத்து, மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தை மீண்டும் அளக்க வேண்டும். குறைந்திருந்தால், கவனத்துக்குத் தப்பிய முள் இன்னொன்று உள்ளே இருக்கக்கூடும்.