ஐயம் தீர்க்கும் அளவை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அம்மலையிலுள்ள நாடுகளுள் ஒன்று அரியூர் நாடு. சாமை, தினை, கேழ்வரகு முதலியன அம்மலைவாழ் மக்கள் வழிவழியாக விளைத்துவந்த கூலங்கள். அவற்றின் வகைகளைக் காக்கும் பொருட்டு, 1988-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் பல ஆண்டுகள் பணியாற்றியுள்ளது.

புதிய சாமை விதையொன்று பழைய விதையினும் மிகுதியாக விளையுமா என்னும் ஐயம் அங்கே எழுவதாகக் கொள்வோம். ஒரு கொல்லையில் விதைத்துப் பார்த்து முடிவு செய்யலாமா? ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானையில் வெப்பம் எங்கும் ஒத்துப் பரவுதலின் அஃது அங்கே பொருந்தும். மலைச்சரிவிலோ மண்ணும் ஈரமும் இடந்தோறும் வேறுபடும். ஆகவே, ஆறு கொல்லைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரு பாதியாக்கி, எப்பாதிக்கு எவ்விதை என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்து விதைத்தல் வேண்டும்.

அறுவடையில் புதிய விதை தந்த மிகுதி, கொல்லைதோறும் முறையே 3, 2, 4, 1, 3, 5 கிலோ எனின், சராசரி 3 கிலோ ஆகும். அவ்வாறன்றி, மூன்று கொல்லைகளில் 14, 8, 12 கிலோ மிகுந்தும், ஏனைய மூன்றில் 9, 6, 1 கிலோ குறைந்தும் விளைந்தால், அப்போதும் சராசரி 3 கிலோவே. எனினும் இரண்டும் ஒன்றாகா. முன்னதில் ஆறு கொல்லைகளும் ஒரே சான்று பகர்கின்றன. பின்னதில் ஒன்றையொன்று மறுக்கின்றன.

இவ்வேறுபாட்டை அளந்து காட்டுவது டி-சோதனை. டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காசெட் என்பவர், 1908-ஆம் ஆண்டு ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர், என்னும் புனைபெயரில் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. எண்கள் தம்முள் மாறுபடும் அளவைக் கொண்டும் அவற்றின் தொகையைக் கொண்டும் திட்டப்பிழை கணிக்கப்படும். அதனால் சராசரியை வகுத்தால், முன்னதற்கு 5.2-ம் பின்னதற்கு 0.76-ம் வரும். ஆறு இணைகளுக்கு வழக்கமாகக் கொள்ளும் எல்லை 2.57. உண்மையில் விதைகளுக்குள் வேறுபாடே இல்லையெனின், இவ்வெல்லையைக் கடந்த மதிப்புத் தற்செயலாக வருவது 100-க்கு 5 முறைக்கும் குறைவு. முன்னது எல்லையைக் கடந்தது, பின்னது கடக்கவில்லை.

அளந்து பெற்ற எண்களுக்கே இச்சோதனை பொருந்தும். முளைத்த விதை எத்தனை, முளையாத விதை எத்தனை என எண்ணிப் பெற்றவற்றிற்குக் கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை உரியது. நெல்லை முழத்தாலும் துணியைப் படியாலும் அளப்பார் இலர் அன்றோ?

விடையைப் பொருள் கொள்ளுதலிலும் விழிப்பு வேண்டும். எல்லையைக் கடவாமை, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றன்று. கிடைத்த சான்று போதாது என்பதே அதன் பொருள். எல்லையைக் கடந்தாலும், மழை பொய்த்த ஆண்டில் அப்புதிய விதை நிலைக்குமா என்பதை இச்சோதனை கூறாது. விதை தவறின் குடும்பத்தின் ஓராண்டு உணவு தவறும். ஆதலின், பழைய விதையைக் கைவிடுமுன் பல பருவங்களிலும் சோதித்துத் தெளிதலே அறிவுடைமை.