எஞ்சின் ஒயில்: ஸ்டிக்கரின் கணக்கு போதுமா?

உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கார் நிற்கிறதா? அப்படியானால் வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, அதற்குக் கடைசியாக எஞ்சின் ஒயில் மாற்றியது எந்த மாதத்தில் என்று யோசித்துப் பாருங்கள். "அதெல்லாம் பிள்ளைகளின் வாப்பாவுக்குத்தான் தெரியும்" என்பது உங்கள் பதிலாயின், இந்தப் பக்கங்கள் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன.

கண்டிப் பக்கத்து ஊரொன்றில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த சிறிய கார் ஒன்று அவர்களுக்கு உண்டு. விடுமுறை முடிந்து புறப்படுவதற்கு முன் கணவர் காரை சேர்விஸ் செய்து, முன் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "மீற்றரில் இந்த இலக்கம் வந்ததும் ஒயில் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதாவது, இன்னும் 5,000 கிலோமீற்றர் ஓடிய பின்.

சகோதரி சொன்னபடியே நடந்தார். பாடசாலை மூன்று கிலோமீற்றர் தூரம். காலையில் போய்வர ஒரு தடவை, பகலில் ஒரு தடவை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர். எப்போதாவது உம்மா வீடு, டொக்டர், கல்யாண வீடு. பதினான்கு மாதங்களில் கார் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. ஸ்டிக்கரின் இலக்கம் வர இன்னும் நெடுநாள் இருந்தது.

ஒருநாள் வீட்டு ஏற்றத்தில் வரும்போது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு பற்றி அணைந்தது. சமதரைக்கு வந்ததும் காணவில்லை. கார் நன்றாகத்தான் ஓடியது. வயரில் ஏதோ பிழை என்று எண்ணிக்கொண்டார். மூன்றாம் நாள் அதே ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று அடித்து நின்றது. பிறகு அது சுற்றவேயில்லை.

கராஜில் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றியபோது, மூன்று லீற்றருக்கு மேல் இருக்க வேண்டிய ஒயில் ஒரு லீற்றர்கூட இருக்கவில்லை. தட்டின் அடியிலும், ஒயிலை உறிஞ்சும் வடியிலும் கறுப்பாக, கிண்டி இறக்கிய தொதல் போல ஏதோ அப்பிக்கிடந்தது. "மகள், லைட் பத்தினப்பவே நிப்பாட்டியிருந்தா ஒயிலோட முடிஞ்சிருக்கும்" என்றார் வயதான மெக்கானிக். பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த எஞ்சின் ஒன்று வந்து பூட்டப்பட்டது. அதற்காகக் கையிலிருந்த இரண்டு காப்புகள் போயின.

யாரைக் குறை சொல்வது? கணவர் தெரிந்ததைச் சொன்னார், மனைவி சொன்னதைச் செய்தார். பிழை, கிலோமீற்றர் ஒன்றையே கணக்கு என்று நம்பியதில்தான் இருந்தது.

ஒயில் ஏன் பழுதாகிறது?

நோன்பு காலத்தில் சமூசாவும் ரோல்ஸும் பொரிக்கும் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். அது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், "என்ன பொரித்தீர்கள், எவ்வளவு சூட்டில், தூள் விழுந்ததா, தண்ணீர் பட்டதா" என்று திருப்பிக் கேட்பீர்கள். எஞ்சின் ஒயிலின் கதையும் இதுதான். அது உலோகங்கள் உரசாமல் காப்பதோடு நிற்பதில்லை. சூட்டைச் சுமந்து செல்கிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது, எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. இதற்கென்று கலந்துள்ள மருந்துச் சரக்குகள் நாளடைவில் தீர்ந்துபோகின்றன. ஒயில் இருக்கும், அதன் சத்து இருக்காது.

இனித் தண்ணீருக்கு வருவோம். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயிலிருந்து சொட்டுவது அதுதான். சிறிதளவு நீரும் எரியாத பெற்றோலும் பிஸ்டனின் ஓரமாக ஒயிலுக்குள் இறங்குகின்றன. தூரப் பயணத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறி இவை ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் அந்தச் சூடு வருவதேயில்லை. சூட்டுமானி முள் மேலே வந்துவிட்டாலும் அது காட்டுவது ரேடியேற்றர் தண்ணீரின் சூட்டை. ஒயில் சூடாக இன்னும் நேரமெடுக்கும். ஆக, நாளுக்கு நான்கு தடவை நீரும் பெற்றோலும் இறங்குகின்றன, ஒரு தடவையும் வெளியேறுவதில்லை. தொதல் கிண்டப்படுவது இப்படித்தான். போதாக்குறைக்கு, பழைய எஞ்சின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலைக் குடிக்கவும் செய்யும்.

"மெதுவாக, கிட்டத்தில்தான் ஓட்டுகிறேன், என் காருக்கு ஒன்றும் ஆகாது" என்று பெருமைப்படும் சகோதரிகள் பலரை நான் கண்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் காரைவிட இந்தக் கார்தான் அதிகம் பாடுபடுகிறது.

மீற்றர் எண்ணாத ஓட்டம் இன்னொன்றும் உண்டு. பாடசாலை வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறோம், காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகிறோம். நின்ற இடத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எழுநூறு தடவை சுற்றினாலும், ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் சுற்றைத் தாண்டிவிடும். மீற்றரில் ஓர் இலக்கம்கூட ஏறாது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டார்ட் செய்வது, பத்து அடி நகர்வது, நிறுத்துவது என்று நாள் முழுக்க நின்ற கார்களின் ஒயில், ஓடாமலேயே பழுதாகியது.

ஜப்பான் புத்தகம் சொல்வது

ஒவ்வொரு காருக்கும் தயாரித்தவர்கள் கொடுக்கும் கைநூல் ஒன்று உண்டு. நம் நாட்டில் பாதிக் கார்களின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் அது ஜப்பான் மொழியில் கிடக்கிறது. வாசிக்க முடியாததால் அந்த இடத்தை ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டது.

டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குப் பொதுவாகச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், இரண்டில் எது முந்துகிறதோ அது. டர்போ உள்ளவற்றுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். ஆனால் கடும் பாவனை என்று இன்னொரு நிரல் அதே நூலில் இருக்கிறது. அதில் கணக்கு சரிபாதியாகிவிடும்: முன்னதற்கு 7,500 அல்லது ஆறு மாதம், டர்போவுக்கு 2,500 அல்லது மூன்று மாதம். கடும் பாவனை என்றால் என்ன? தூசு நிறைந்த அல்லது மோசமான பாதை, மலை ஏற்ற இறக்கம், நெடுநேரம் நின்றபடி எஞ்சினை ஓட விடுதல், ஒரு தடவைக்கு எட்டுக் கிலோமீற்றருக்குள் முடியும் குறுகிய ஓட்டங்கள். இதில் எது நமக்கு இல்லை?

ஆகவே என் கருத்து இது. டர்போ இல்லாத பெற்றோல் காரை உள்ளூரில் மட்டும் ஓட்டுபவர்கள் கிலோமீற்றரை மறந்துவிட்டு ஆறு மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோன்புக்கு முன் ஷஃபானில் ஒரு தடவை, ஸஃபரில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாறாக, தினமும் முப்பது நாற்பது கிலோமீற்றர் தடையின்றி ஓடி வேலைக்குச் செல்லும் ஆசிரியையின் கார், நல்ல சிந்தெற்றிக் ஒயிலில் 7,500 வரை தாராளமாகப் போகும். அதற்கு மூவாயிரத்திலேயே ஒயிலை மாற்றுவது வீண்விரயம். சாதாரண மினரல் ஒயில் ஊற்றும் பழைய கார்களுக்கு ஐயாயிரத்தைத் தாண்ட விடாதீர்கள், டீசல் வேன்களுக்கும் அப்படியே. ஹைபிரிட் காரில் பாதி நேரம் எஞ்சின் அணைந்திருக்கிறதே என்று தவணையை நீட்டவும் வேண்டாம், அந்த எஞ்சின் சூடேற இன்னும் அதிக நேரமெடுக்கும். ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்குக் கணக்கு வேறு. அதில் இருப்பது ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயில் என்பதால் தவணையும் குறுகியது, அதன் கைநூலைப் பாருங்கள். மின்சாரத்தில் மட்டும் ஓடும் லீஃப் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம், அதில் எஞ்சினும் இல்லை, ஒயிலும் இல்லை!

எந்த ஒயில் என்பதிலும் ஒரு சொல். "தடிப்பான ஒயில்தான் எஞ்சினுக்கு நல்லது" என்று சிலர் சாதிப்பார்கள். அக்வா போன்ற கார்கள் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை. கைநூல் சொல்லும் தடிப்பையே வாங்குங்கள். கலனில் ஏ.பீ.ஐ. என்ற வட்டத்துக்குள் எஸ்.என்., எஸ்.பி. என்று எழுத்துகள் இருக்கும். எஸ்.என். 2010இல் வந்த தரம், எஸ்.பி. 2020இல் வந்தது. சீல் உடையாத கலனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பில்டரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள், பழைய பில்டருக்குள் பழைய அழுக்கு இருக்கிறது.

நீங்களே பார்க்கலாம்

இதற்கு ஆண் துணை எதுவும் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலையில், காரை எடுக்கும் முன், சமதரையில் நிற்கும்போது பொனற்றைத் திறவுங்கள். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வளையம் பூட்டிய ஒரு நீண்ட கம்பி இருக்கும். அதை இழுத்துத் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மீண்டும் இழுங்கள். நுனியில் இரண்டு குறிகள் தெரியும். ஒயில் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். கீழ்க் குறிக்கு இறங்கியிருந்தால் அதே வகை ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். மேல்குறியைத் தாண்ட விடக்கூடாது, கூடினால் நுரைத்துக் கெடுதி செய்யும்.

நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "ஒயில் கறுத்துப் போச்சு, மாத்தணும்" என்று சொல்பவர்கள் எல்லாரும் உண்மை சொல்வதில்லை. அழுக்கைச் சுமப்பது அதன் வேலை, டீசல் எஞ்சினில் புதிய ஒயில்கூடச் சில நாட்களிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டியவை வேறு. கம்பியில் பெற்றோல் வாசம் அடிக்கிறதா? நீங்கள் ஊற்றாமலே அளவு கூடியிருக்கிறதா? பால்தேநீர் நிறத்தில் கலங்கியிருக்கிறதா? உடனே கராஜுக்குக் கொண்டுபோங்கள். பால் நிறம் என்றால் ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருளாகலாம்.

அந்தச் சிவப்பு விளக்கு வுழூச் செய்யும் கெண்டியைப் போலிருக்கும், மூக்கில் ஒரு சொட்டு. ஸ்டார்ட் செய்யும்போது பற்றி அணைவது வழமை. ஓட்டத்தில் ஒரு கணம் பற்றினாலும், பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டாதீர்கள். அந்த விளக்கு ஒயில் குறைவதை முன்கூட்டிச் சொல்வதல்ல. எஞ்சினுக்குள் ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதையே சொல்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதியதன் விலை கேட்டுத் திகைத்துப் போய், இருப்பதையே வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்த எஞ்சின் ஓர் அமானிதம் போலத்தான்.

கழித்த ஒயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே மாற்றுபவர்கள் அதைக் கானில் ஊற்றுவதையும், கொசுவுக்கென்று தேங்கிய தண்ணீரில் விடுவதையும் கண்டிருக்கிறேன். ஒரு கலன் கழிவு ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் எச்சரிக்கிறது. கிணறுள்ள வளவில் அதைக் கொட்டுவது நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் கொட்டுவதாகும். மூடிய கலனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், தோலுக்குத் தீங்கானது.

அந்தச் சகோதரியின் காரில் இப்போது ஸ்டிக்கர் இல்லை. டாஷ்போர்டுப் பெட்டியில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கிடக்கிறது. ஒயில் மாற்றிய திகதி, மீற்றர் இலக்கம், ஒயிலின் பெயர், கம்பியில் பார்த்த அளவு என்று நான்கு கோடுகள் கிழித்திருக்கிறார். சென்ற ஷஃபானில் மாற்றும்போது கார் 1,460 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. "ஐயாயிரம் வரல்லியே, ஏன் மாத்தின?" என்று கட்டாரிலிருந்து கணவர் கேட்டாராம். கராஜில் எடுத்த அந்தத் தொதல் படத்தைத் திரும்பவும் அனுப்பிவிட்டு, இவர் சமையலைப் பார்க்கப் போய்விட்டார்.