எவரெஸ்டில் இரண்டு மாதக் குடித்தனம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் சென்னையில் இருக்க மாட்டார். அதன் உயரம் சுமார் 120 அடி. அதைப்போல் 240 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன உயரம் வருமோ, ஏறக்குறைய அதுதான் எவரெஸ்டு சிகரத்தின் உயரம். 29,032 அடி!

அந்தச் சிகரத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, நமது பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நீட்டித் தரையை அளக்கத் தொடங்கினார். வெயிலில் ஏழரை மைல் தூரம் அளந்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். 1823-ல் லாம்டன் இறந்ததும் அந்த வேலை ஜார்ஜ் எவரெஸ்டு என்பவர் கைக்கு வந்தது. 1852-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணித மேதை, "பதினைந்தாம் நம்பர் சிகரம்"தான் உலகத்திலேயே உயரமானது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்குத்தான் பிறகு எவரெஸ்டு என்று பெயர் வைத்தார்கள். பரங்கிமலையில் போட்ட சங்கிலி இமயமலை வரை போய்விட்டது!

221 ஆண்டுகள் கழித்து, சென்னையிலிருந்து ஒரு பெண் அந்தச் சிகரத்துக்குப் போனார். அவர் பெயர் முத்தமிழ்ச்செல்வி. விருதுநகர் மாவட்டத்துக்காரர். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து வந்தவர். 2023 மே 23-ந் தேதி அவர் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் அவர்தான். 1984-ல் பச்சேந்திரி பால் எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனாரே, அதுவும் ஒரு மே 23-தான்.

உச்சியில் கொடி பிடித்து நிற்கும் படத்தைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். அங்கே நிற்பது சில நிமிடம். அதற்காக மலையில் இருப்பதோ ஏறக்குறைய இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதமும் எப்படி உண்பார்கள், எங்கே உறங்குவார்கள்?

குக்கர் இல்லாமல் சோறு இல்லை

இன்று எவரெஸ்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கம்பெனியிடம் பணம் கட்டித்தான் போகிறார்கள். கூடாரம், சாப்பாடு, கயிறு, வழிகாட்டி எல்லாம் கம்பெனி பொறுப்பு. நேபாள அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணம் மட்டுமே, 2025 செப்டம்பர் முதல், ஆளுக்கு 15,000 டாலர். மொத்தச் செலவு பல லட்சம் ரூபாய். முத்தமிழ்ச்செல்விக்குத் தமிழக அரசு நிதி உதவி செய்தது.

லுக்லா என்ற மலை ஊர்வரை விமானம். அதற்குமேல் நடைதான். எட்டு, பத்து நாள் மெதுவாக நடந்து, 17,600 அடி உயரத்திலுள்ள அடிவார முகாமை அடைகிறார்கள். சாமான்களை யாக் என்ற சடை எருமை சுமந்து வரும்.

முகாம் மண்தரையில் இல்லை. பனியாற்றின்மேல் இருக்கிறது. ஆறு என்றால் ஓடும் அல்லவா? இதுவும் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். இரவில் தலையணைக்கு அடியில் பனி "படார்" என்று வெடிக்கும் சத்தம் கேட்கும். நேற்றுச் சமமாக இருந்த கூடாரம் சில நாளில் சரிந்திருக்கும். மறுபடியும் கல்லைப் போட்டு மட்டம் பார்க்க வேண்டும்.

காலையில் கூடார வாசலுக்கே தேநீர் வந்துவிடும். கொண்டு வருகிறவர் சமையற்கட்டுப் பையன். அவர் எல்லோருக்கும் முன்பே எழுந்து, பனியை வெட்டி எடுத்து, உருக்கித் தண்ணீர் ஆக்கியிருப்பார்.

நம் வீட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. சுமார் 82 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்த்தால் கொதிப்புதான், ஆனால் அந்தச் சூட்டில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகாது. ஆகவே குக்கர் இல்லாமல் அங்கே சமையலே இல்லை! மத்தியானம் பருப்பும் சோறும், ராத்திரி சூப்பும் நூடுல்சும். பசி எடுக்காது. ஆனாலும் சாப்பிட்டே ஆகவேண்டும். நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைவலி பிளந்துவிடும்.

பகலில் வெயில் பட்டால் கூடாரத்துக்குள் புழுங்கும். சூரியன் மறைந்ததும் குடிநீர் உறைந்துவிடும். பேட்டரி, மறுநாள் போடவேண்டிய காலுறை எல்லாவற்றையும் உறக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவற்றோடு ஒட்டிப் படுக்கிறார்கள். கழிப்பிடம் ஒரு பீப்பாய். அதையும் பிறகு ஒருவர் முதுகில் சுமந்து கீழே கொண்டுபோக வேண்டும். மேல் முகாம்களுக்குப் போகிறவர்கள் தங்கள் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2024 முதல் விதி போட்டிருக்கிறார்கள்.

மலை ஏறுவதற்கு முன் பூசை உண்டு. கல்லை அடுக்கி மேடை கட்டி, வண்ணக் கொடிகளைக் கட்டி, லாமா மந்திரம் ஓதுகிறார். பனிக்கோடரிகளையும் காலில் மாட்டும் முள்தட்டுகளையும் மேடையருகே வைத்து வணங்குகிறார்கள். நம் ஊர் ஆயுத பூசையேதான்! பூசை முடியாமல் ஷெர்பாக்கள் மேலே கால் வைக்க மாட்டார்கள்.

ஏணிப் பாதை

முகாமுக்கு மேலே இருப்பது கும்பு பனி அருவி. வீடு உயரத்துக்குப் பனிப் பாறைகள் தாறுமாறாகக் கிடக்கும். நடுவில் அடி தெரியாத பிளவுகள். அவற்றின்மேல் அலுமினிய ஏணிகளைப் படுக்கப் போட்டு, கயிறு கட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் இந்தப் பாதையைப் போடும் ஷெர்பாக்களுக்குப் "பனி அருவி டாக்டர்கள்" என்று பெயர். ஊசி போடும் டாக்டர்கள் அல்ல, ஏணி போடும் டாக்டர்கள். வெயில் ஏறினால் பனி இளகும். அதனால் நள்ளிரவுக்குப் பிறகு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விட முடியாது. கடல் மட்டத்தில் வாழும் அடையாறுக்காரரை அப்படியே எவரெஸ்டு உச்சியில் இறக்கிவிட்டால் சில நிமிடத்தில் மயங்கி விழுவார். அங்கே கிடைக்கும் பிராணவாயு, அதாவது ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே முதல் முகாம் வரை ஏறி இறங்குகிறார்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது முகாம் வரை போய்த் திரும்புகிறார்கள். உடம்பு பழக வேண்டும். நடுவில் பல நாள் சும்மா இருப்பதும் வேலைதான். சீட்டு ஆடுவார்கள், துணி துவைப்பார்கள், வானிலைச் செய்திக்குக் காத்திருப்பார்கள்.

ஆனால் ஷெர்பாவுக்குச் சும்மா இருக்கும் நாள் குறைவு. வாடிக்கைக்காரர் சீட்டு ஆடும்போது அவர் கூடாரம், அடுப்பு, உணவு, பிராணவாயு உருளை எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அதே பனி அருவியைத் திரும்பத் திரும்பக் கடந்துகொண்டிருப்பார். 2014 ஏப்ரல் 18-ந் தேதி காலையில் அங்கே பெரிய பனிக்கட்டி இடிந்து விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளிகள். மூன்று பேர் உடல் அகப்படவே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு முதலில் அரசு அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய்! மலை ஏறும் பூட்சு ஒரு சோடியே அதைவிட விலை அதிகம். ஷெர்பாக்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தப் பருவம் வேலைக்கு வர மறுத்தார்கள். அதன் பிறகுதான் காப்பீட்டுத் தொகை உயர்ந்தது.

எல்லா மலையிலும் இப்படி இல்லை. ஆப்பிரிக்காவின் கிளிமாஞ்சாரோவில் கூலியாட்கள் மூட்டையைத் தலையில் வைத்துச் சுமக்கிறார்கள். தென் அமெரிக்காவின் அகொன்காகுவாவில் அடிவார முகாம் வரை கோவேறு கழுதை சுமக்கிறது. அலாஸ்காவின் தெனாலியிலோ சுமக்க ஆள் கிடையாது. பணம் கட்டியவரும் முதுகில் ஒரு மூட்டையும், பின்னால் இழுக்க ஒரு சறுக்கு வண்டியுமாகத்தான் போகவேண்டும். பனிக்காற்றுக்குத் தடையாகப் பனிக்கட்டியை அறுத்துச் சுவர் கட்டுவதும் அவர் வேலைதான்.

இரண்டு மணிக்குத் திரும்பு!

எவரெஸ்டின் கடைசி முகாம் சுமார் 26,000 அடியில் இருக்கிறது. அதற்குமேல் "மரண மண்டலம்". இரவு ஒன்பது, பத்து மணிக்குப் புறப்பட்டு, விடியும் வேளையில் உச்சியை அடைவதுதான் திட்டம். முகத்தில் பிராணவாயு மூடி. ஒரு அடி எடுத்து வைக்க நாலைந்து மூச்சு.

2019 மே மாதம் எடுத்த ஒரு படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் நிற்பதுபோல், உச்சிக்குக் கீழே கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக மனிதர்கள்! ரங்கநாதன் தெருவில் காத்திருந்தால் கால் வலிக்கும். அங்கே காத்திருந்தால் உருளையில் இருக்கும் மூச்சுத் தீர்ந்துவிடும். அந்தப் பருவத்தில் எவரெஸ்டில் 11 பேர் இறந்தார்கள்.

ஆகவே, குறித்த மணிக்குள் உச்சிக்குப் போகாவிட்டால், பத்தடி தூரமே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது வழிகாட்டிகளின் விதி. பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணி கெடு. சொல்ல எளிது. சேமித்த பணம் எல்லாவற்றையும் கொட்டி வந்தவரிடம், "போதும், இறங்கு" என்று எப்படிச் சொல்வது?

1996 மே 10-ந் தேதி, நியூசிலாந்தைச் சேர்ந்த ராப் ஹால் என்ற புகழ்பெற்ற வழிகாட்டியால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் வாடிக்கைக்காரர் ஒருவர், முந்திய ஆண்டு உச்சிக்கு அருகில் வந்து திரும்பியவர். அவருக்காகக் கெடு தாண்டியும் ஹால் காத்திருந்தார். புயல் வந்தது. வாடிக்கைக்காரர் இறந்தார். மறுநாள், தென் சிகரத்தில் கைகால் உறைந்து கிடந்த ஹால், கருவுற்றிருந்த தம் மனைவியோடு வயர்லெஸ் வழியாகப் பேசினார். அதுவே கடைசிப் பேச்சு. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் மாண்டார்கள். மறுபக்கம் திபெத் வழியாக ஏறிய மூன்று இந்தியரும் அதில் அடக்கம்.

மே மாத முடிவோடு பருவம் முடிகிறது. படம் எடுத்துக்கொண்டவர்கள் உதடு வெடித்து, உடம்பு இளைத்து, ஊருக்குத் திரும்புகிறார்கள். காமி ரிட்டா என்ற ஷெர்பா 2025 மே மாதத்தில் 31-வது முறையாக உச்சிக்குப் போய்வந்தார். அவ்வளவு தடவை போனவர் அதுவரை வேறு யாரும் இல்லை. மழைக்காலம் தொடங்குமுன் பனி அருவி டாக்டர்கள் மறுபடியும் மேலே போகிறார்கள். ஏணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கீழே அவர்கள் கிராமங்களில் உருளைக்கிழங்கு வயல் காத்திருக்கிறது.